மழைக்காலத்திலும் சம்பளம் கொடுக்க முடிகிறதா?

கேள்வி: ஐயா, ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜிரேஷன், ஏ.சி. டிரேடு முடித்துவிட்டு மன்னார்குடியில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். கூட இரண்டு பையன்கள். பங்குனி தொடங்கி வைகாசி வரை சாப்பிட நேரமிருக்காது, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போனே வராது. இப்போது புதிதாகக் கட்டும் ஒரு கல்யாண மண்டபத்தில் முழு ஏ.சி. வேலையையும் என்னையே எடுக்கச் சொல்கிறார்கள். மிஷினும் நான்தான் வாங்கிப் போட வேண்டுமாம், பணம் மூன்று தவணையில். எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: எடுங்கள் தம்பி, ஆனால் மிஷினை மண்டபக்காரரையே வாங்கச் சொல்லிவிட்டு, பைப், ஃபிட்டிங், லேபர் மட்டும் உங்கள் பேரில் எடுங்கள். டீலரிடம் கடன் சொல்லி மிஷின் எடுப்பீர்கள், அவர் ஒரு மாதத்தில் கேட்பார், மண்டபக்காரர் ‘நாலு முகூர்த்தம் போகட்டும்’ என்பார், நடுவில் ஜி.எஸ்.டி. வேறு. மாதா மாதம் கணக்குக் கொடுப்பவர் பில் போட்டுவிட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும், பணம் வரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. மிஷினுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம், சரி, உங்கள் லாபத்துக்கும் லேபருக்கும் உள்ள 18 சதவீதத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும். ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டு, இருந்த சின்ன வேலைகளும் போய்விடக் கூடாது.

எனக்கு உங்கள் கடிதத்தில் மண்டபத்தைவிட, ஐப்பசியில் போனே வராது என்று எழுதியதுதான் கவலையாக இருக்கிறது. அந்த மாதங்களில் பையன்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? நாள் கூலி என்றால் அவர்கள் நிலைக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் கை பழகிய பையன் சிங்கப்பூரோ வளைகுடாவோ விசா வந்த அன்றே கிளம்பிவிடுவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது, அப்புறம் சித்திரையில் நீங்கள் ஒற்றை ஆளாக அவுட்டோரை, அதாவது ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். வருடம் முழுக்க மாதச் சம்பளம் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் காண்ட்ராக்டர்தான், போர்டு எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் பிடியுங்கள். வீடுகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை லேப், நகைக்கடை, பாங்க். ஸ்கேன் அறைக்கு அடைமழையிலும் ஏ.சி. ஓடியாக வேண்டும். நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் ஒரு நாள், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் பெட்ரோலும் மிச்சம். வீட்டுக்காரர்களிடம் தை, மாசியில் அறுவடைப் பணம் புழங்கும்போது பேசி, கத்திரிக்கு முன்பே சர்வீஸை முடித்துவிடுங்கள். கூடவே வெந்நீர் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கீசர் ரிப்பேர் கார்த்திகை, மார்கழியில்தான் வரும். கும்பகோணத்தில் 2028-இல் மகாமகம், லாட்ஜுகள் அதற்குள் அறைகளைச் சீர் செய்யப் பார்ப்பார்கள். லாட்ஜுகளுக்கு வெந்நீர் போடும் ஹீட் பம்ப்பும் அதே கம்ப்ரசர், அதே கேஸ்தான், ஏ.சி. வெளியே தள்ளுகிற சூட்டை அது தண்ணீருக்குள் விடுகிறது, உங்களுக்கு அது புது வித்தையே இல்லை.

இன்னொன்று, இதில் நான் கறாராகவே சொல்வேன். கூலிங் இல்லை என்றதும் கேஸ் அடித்துக் காசு வாங்கிக்கொண்டு போகிற வேலை வேண்டவே வேண்டாம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குறைந்தால் எங்கோ கசிகிறது. அவுட்டோரில் பைப்பை இணைக்கிற ஃபிளேர் நட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் காட்டி, அடைத்து, பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் எடுத்து, தராசில் எடை பார்த்துக் கேஸ் விடுங்கள், வீட்டுக்காரர் கண் முன்னாலேயே. நேரம் பிடிக்கும், ஆனால் அவர்தான் உங்களை அடுத்த தெருவுக்குச் சொல்வார். இப்போது வருகிற ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது, தீப்பற்றாத பழைய ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கத்தில் கேஸை வெளியே திறந்துவிட்டுப் பக்கத்திலேயே வெல்டிங் வைக்கிற பையனை அன்றே நிறுத்திக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வேளாங்கண்ணியில் லாட்ஜுகளுக்கு ஏ.சி. வேலை பார்க்கிறார், கணக்கு நான் பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. எப்போது எடுக்க வேண்டும்? கடல் காற்றில் அவுட்டோரில் இருக்கும் காயில் (சுருள் குழாய்) பொடிந்துபோனால் எங்களிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.
– ஒரு வாசகி, வேளாங்கண்ணி

பதில்: கணக்கு உங்கள் கையில் இருப்பதே பெரிய பலம் அம்மா. சர்வீஸ் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். அதற்கு முன்பும் எடுக்கலாம், ஆனால் எடுத்தபின் வேலையில்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இன்றே செய்யுங்கள், லோன் கேட்கும்போது கைகொடுக்கும், முழுக்க இலவசம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உப்புக் காற்றுக்குக் கோட்டிங் உள்ள காப்பர் காயில்தான் தாங்கும். அவுட்டோரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல், நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் சொல்லுங்கள். இதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி லாட்ஜ்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு சண்டைக்கு வழியில்லை.

மாடிச் சுவரில் தொங்கி வேலை செய்பவர்களுக்கு பெல்ட் இல்லாமல் ஏற அனுமதியே கொடுக்காதீர்கள். வீட்டுக்காரருக்கும் பையன்களுக்கும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா போடுங்கள், வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ஜூன் 1-க்கு முன் பாங்க் கணக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள், மே கடைசியில் எல்லார் கணக்கிலும் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.