முறுக்கு விவகாரம்: மூன்றரை வயது மகனைக் கண்டிக்க வேண்டுமா?

வணக்கம். வீட்டுக்கு வந்த பெரியம்மாவிடம் உங்கள் மூன்றரை வயது மகன், "நீங்க குடுத்த முறுக்கு கல்லு மாதிரி இருக்குன்னு அம்மா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டதாகவும், அவனைக் கண்டிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொன்னதைத்தானே அவன் சொன்னான்.

உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் 1983-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு சிறுவன் அலமாரியில் வைத்துச் சென்ற சாக்லேட்டை அவன் இல்லாதபோது அம்மா இடம் மாற்றிவிடும் கதையைச் சொல்லி, அவன் திரும்பி வந்ததும் எங்கே தேடுவான் என்று கேட்டபோது, மிகச் சிறிய பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினர். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பொதுவாக நான்கு வயதையொட்டித்தான் பிடிபடுகிறது. அதற்கு முன் இரகசியம் காக்கச் சொல்வது வீண்.

என் மகளும் அந்த வயதில் ஒரு விருந்தாளியிடம், "நீங்க எப்போ போவீங்க? அப்பதான் அம்மா ஐஸ்கிரீம் எடுப்பாங்க" என்றாள். நாங்கள் உரக்கச் சிரித்ததால், அடுத்து வந்த மூவரிடமும் அதையே கேட்டாள். ஆகவே, அவன் எதிரில் சிரிக்காதீர்கள். பெரியம்மாவிடம் மன்னிப்பை நீங்களே கேட்டுவிடுங்கள்.