கையெழுத்து போடலைன்னா தப்பிச்சிடலாமா?

கேள்வி: அண்ணன் கம்பெனி ஒரு நிறுவனத்தோட சப்ளை ஒப்பந்தம் போட்டுச்சு, தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்னாடி தீர்த்துக்கணும்னு அதுல இருக்கு. இப்போ சரக்கு தரமில்லைன்னு அண்ணன் கம்பெனியோட சேர்த்து என் கம்பெனிக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. நான் எங்கயுமே கையெழுத்து போடல. அண்ணனுக்கு உடம்பு முடியாதப்ப கடைசி ரெண்டு லோடு நாங்க அனுப்பினோம், பணம் எங்க அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு, அவ்ளோதான். நோட்டீஸை கண்டுக்காம விட்டுடலாமா மேடம்?

பதில்: தம்பி, கையெழுத்து கதையை விடுங்க, அந்த ரெண்டு லோடுக்கு வாங்க. சரக்கு உங்க கம்பெனியோடது, பில் உங்க பேர்ல, பணமும் உங்களுக்கு வந்திருக்கு. அந்த ஆர்டர் எந்த ஒப்பந்தத்துல இருந்து வந்துச்சு? தனியா ஏதாவது போட்டீங்களா? இல்லைல்ல, அண்ணன் போட்ட ஒப்பந்தத்துலதானே ஓடுச்சு. பணம் வாங்கும்போது அது உங்க ஒப்பந்தம், பிரச்சனைன்னு வந்ததும் அது அண்ணனோடதா?

இதே கேள்விதான் 2023 டிசம்பர்ல காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட 5 நீதிபதிகள் பெஞ்ச் முன்னாடி வந்துச்சு. கையெழுத்து போடாதவங்களும் ஆர்பிட்ரேஷனுக்குள்ள வரலாம்னு தீர்ப்பு. ஒரே குடும்பம், ஒரே குரூப் கம்பெனிங்கறதுக்காக மட்டும் யாரையும் இழுக்க முடியாது, அதையும் தெளிவா சொல்லியிருக்காங்க. ஆனா ஒப்பந்தத்தை நிறைவேத்துறதுல நீங்க எவ்ளோ இறங்கினீங்க, ரெண்டு வியாபாரமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கா, நீங்களும் கட்டுப்படறதா எல்லாரும் நினைச்சு நடந்துக்கிட்டீங்களான்னு பார்ப்பாங்க. நீங்க அனுப்பின பில்லும் டெலிவரி சலானும்தான் எதிர்தரப்பு முதல்ல எடுத்து வைக்கப்போற காகிதம்.

நோட்டீஸை தூக்கிப் போடுற யோசனையே வேண்டாம். நீங்க வரலைன்னா 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தோட 25வது பிரிவுப்படி நீங்க இல்லாமலே விசாரிச்சு அவார்டு, அதாவது ஆர்பிட்ரேட்டரோட தீர்ப்பு, போட்டுடலாம். 'நான் இதுல பார்ட்டி இல்ல'ன்னு சொல்றதா இருந்தா 16வது பிரிவுல ஆர்பிட்ரேட்டர்கிட்டயே சொல்லணும், அதுவும் எதிர்வாதம் தாக்கல் பண்றதுக்குள்ள. அவர் ஒத்துக்கலைன்னா விசாரணை நடந்துக்கிட்டே இருக்கும், அவார்டு வந்தப்புறம்தான் 34வது பிரிவுல கோர்ட்டுக்குப் போக முடியும். இன்னொண்ணு, உள்ள இழுத்தாங்கன்னா உடனே பணம் கட்டணும்னு அர்த்தம் இல்ல. முதல் லோடுகள்ல கோளாறு, எங்க ரெண்டு லோடு சரியா இருந்துச்சுன்னு நிரூபிக்க உங்களுக்கு முழு வாய்ப்பு உண்டு. உங்களோட உண்மையான பலம் அங்கதான் இருக்கு, கையெழுத்து இல்லாததுல இல்ல.

இப்போ எனக்கு கோபம் வந்த விஷயத்துக்கு வரேன். இவ்ளோ நீள லெட்டர்ல அண்ணன் இப்போ எப்படி இருக்கார், அந்த நோட்டீஸை எப்படி சமாளிக்கிறார்னு ஒரு வரி கூட இல்ல. படுத்திருந்த மனுஷனோட ஆர்டரை எடுத்து நடத்தி காசும் பார்த்துட்டு, அவரை தனியா நிக்க வெச்சுட்டு ஒதுங்குறது கூடப்பொறந்தவன் செய்ற காரியமா? கூட நில்லுங்க. கூட நிக்கறதுன்னா அவர் கடனை எல்லாம் தலையில போட்டுக்கறது இல்ல, உண்மையை சேர்ந்து சொல்றது.

இன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் போங்க. அந்த ரெண்டு லோடு சம்பந்தமான மெயில், வாட்ஸ்அப், பில், சலான் எதையும் அழிக்காம எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேருமா வக்கீலைப் பாருங்க, முதல் லோடுல தப்பு யாரோடதுங்கறதுல உங்களுக்குள்ள வேற வேற பதில் இருந்தா மட்டும் தனித்தனி வக்கீல் வெச்சுக்கங்க, அதை அண்ணன்கிட்ட முகத்தைப் பார்த்து சொல்லிட்டே செய்ங்க.