மெக்லி கஞ்சியாகவே நிற்கிறதா? இன்னும் 40 நிமிடமாவது கிண்டுங்கள்

கேள்வி: ஷார்ஜாவில் பக்கத்து வீட்டு லெபனான் அம்மா, பேத்தி பிறந்ததற்கு மெக்லி என்ற அரிசி மாவு இனிப்பைக் கொடுத்தார். நானும் இடியாப்ப மாவில் செய்து பார்த்தேன். கேரவே விதை கிடைக்காததால் கருஞ்சீரகம் பொடித்துப் போட்டேன். கசந்தது, கட்டி தட்டியது, ஆறிய பிறகும் கெட்டியாகவில்லை. எங்கே தப்பு?

பதில்: கசப்புக்குக் காரணம் கருஞ்சீரகம்தான். கேரவே பார்க்கச் சீரகம் போலவே இருக்கும், ஆனால் மணமே வேறு. மெக்லியின் உயிரே அந்த மணம்தான். அங்கே அரபுக் கடைகளில் 'கராவியா' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முழு விதையாக வாங்கி அன்றன்றைக்கு அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பழைய பொடியில் மண் வாடைதான் மிஞ்சும். கூடச் சேரும் அனிஸ் கிடைக்காவிட்டால் நம் சோம்பு போட்டுச் சமாளிக்கலாம். கேரவேக்கு மட்டும் மாற்றுத் தேடாதீர்கள்.

மாவு வறுக்காத பச்சரிசி மாவாக இருக்கட்டும். இடியாப்பத்துக்கென்று வறுத்த மாவு இதற்கு வேண்டாம். 1 கப் மாவுக்கு 8 கப் தண்ணீர், ஒன்றரை கப் சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி கேரவே பொடி, 1 மேசைக்கரண்டி பட்டைப் பொடி, 1 தேக்கரண்டி அனிஸ் பொடி. பாலும் கிடையாது, நெய்யும் கிடையாது. எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே மாவு மாவாகவே நின்றுவிடும். கட்டி தட்டுவது அதனால்தான்.

இனி முக்கியமான இடம். மிதமான தீயில் கொதி வரும்வரை கை எடுக்காமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் மாவு அடியில் போய்ப் பிடித்துவிடும். கொதித்ததும் கொஞ்சம் கெட்டியாகும். பலர் அங்கேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தீயைக் குறைத்து இன்னும் 40 நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், துழாவிக்கொண்டே இருங்கள். நேரம் ஆக ஆகப் பச்சை வாடை போகும், நிறம் வெளிர் பழுப்பிலிருந்து நல்ல காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும், கொப்புளங்கள் சோம்பலாக 'பொத் பொத்'தென்று வெடிக்கும். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு இரண்டு நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். வழியாமல் மெல்ல நகர்ந்தால் பதம் சரி. கை வலிக்கத்தான் செய்யும். லெபனானில் இதை வீட்டில் ஆள் கூடியிருக்கும்போது செய்வது ஏன் என்று அப்போது புரியும்!

சூட்டோடு சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள், ஆறும்போது இறுகும். இறுகிய பிறகு கிளறினால் மறுபடி தளர்ந்துவிடும்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைக் கொடுப்பது லெபனானில் வழக்கம். ஏசு பிறந்ததைக் கொண்டாடக் கிறிஸ்துமஸுக்கும் பல கிறிஸ்தவ வீடுகளில் செய்வார்கள். பழுப்பு நிறம் மண், மேலே தூவும் பருப்புகள் முளைக்கும் பயிர் என்று சொல்வதுண்டு. அந்தப் பருப்புகளை வறுக்கக் கூடாது. வால்நட், தோலுரித்த பாதாம், பைன் கொட்டை மூன்றையும் தனித்தனியாக இரவே ஊறவைத்தால், கடிக்கும்போது இளசாக, பால் பிடித்ததுபோல் இருக்கும். தேங்காய்த் துருவல் உலர்ந்ததாக இருக்கட்டும். இவற்றைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். வெறும் மெக்லியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.