ராக்கெட் மலிவுதானே, பீரங்கி எதற்கு?

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை பயன்படுத்திய கத்யூஷா ராக்கெட் லாரிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சாதாரண லாரி, அதன்மேல் சில இரும்புத் தண்டவாளங்கள். பீரங்கிக்கோ உயர்தர எஃகு வேண்டும், பெரிய ஆலை வேண்டும். அப்படியிருக்க ஏன் எல்லா நாடுகளும் இன்னும் பீரங்கி வாங்குகின்றன? ராக்கெட் குறி தவறும் என்கிறார்கள். 40 ராக்கெட்டை ஒன்றாக வீசினால் நாலு ராக்கெட்டாவது குறியில் விழாதா?

ஆர்.வி.

அன்புள்ள ஆர்.வி.,

விழலாம். ஆனால் மற்ற 36 ராக்கெட்டையும் யாரோ செய்து, சுமந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அவையும் எங்கோ போய் விழுகின்றன. உங்கள் கணக்கு லாரியின் விலையோடு நின்றுவிட்டது.

சோவியத்தின் இரண்டு ஆயுதங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் குழல் விட்டமும் 122 மில்லிமீட்டர், இரண்டும் 1960-களில் படைக்கு வந்தவை. ஒன்று டி-30 பீரங்கி, இன்னொன்று கத்யூஷாவின் வாரிசான கிராட். கிராட் லாரியின் 40 குழல்களும் 20 நொடியில் காலியாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு டி-30 மூன்று, நான்கு குண்டு சுட்டாலே பெரிது. எதிரி பதுங்கு குழிக்குள் ஓடுவதற்குள் அடித்து முடிக்க வேண்டுமென்றால் ஒரே லாரி பத்துப் பீரங்கிக்கும் மேல் வேலை செய்துவிடுகிறது. இதில் நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் எடையைப் பாருங்கள். டி-30 குண்டு சுமார் 22 கிலோ. கிராட் ராக்கெட் 66 கிலோ, அதில் போய் வெடிக்கும் தலைப்பகுதி 18 கிலோதான். மீதியெல்லாம் எரிமருந்தும் அது எரியும் உடலும். லாரியை ஒரு தடவை நிரப்ப 2.6 டன் ராக்கெட் வேண்டும். பீரங்கியில் விலை உயர்ந்த பாகம் குழல். அது ஆயிரக்கணக்கான தடவை சுடும். ராக்கெட்டிலோ ஒவ்வொரு தடவையும் ஒரு எந்திரத்தையே தூக்கி எறிகிறோம்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது குறிதான். இரண்டும் எட்டும் உச்ச வேகம் ஏறக்குறைய ஒன்று, நொடிக்கு 690 மீட்டர். பீரங்கிக் குண்டு அந்த வேகத்தைக் குழலுக்குள்ளேயே பெற்றுவிடுகிறது. குழலின் திருகுப் பள்ளங்கள் அதை வேகமாகச் சுழற்றியும் விடுகின்றன. வாயைத் தாண்டிய பிறகு அதன் பாதை பெரும்பாலும் முடிவான விஷயம். கிராட் ராக்கெட் குழலைவிட்டு வரும்போது வேகம் நொடிக்கு 50 மீட்டர்தான். மிச்ச வேகம் முழுவதும் வெட்டவெளியில், மருந்து எரிய எரியக் கிடைக்கிறது. வால் இறக்கைகளுக்கு அந்த மெதுவான வேகத்தில் பிடிப்புப் போதாது. பக்கக் காற்று அடித்தால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், எரியும் மருந்து அந்தத் தவறான திசையிலேயே தள்ளும். முன்னால் போன ராக்கெட் லாரியை ஆட்டிவிட்டுப் போயிருக்கும். இப்படி 20 கிலோமீட்டர் போகும்போது விலகல் சில நூறு மீட்டர் ஆகிவிடுகிறது.

திறந்த வெளியில் திரண்டு நிற்கும் படைமீது அடிக்கும்போது இந்தச் சிதறல் பெரிய குறையில்லை. ஊருக்குள் அது கொலை. 2015 ஜனவரி 24 அன்று உக்ரைனின் மரியுபோல் நகரக் குடியிருப்புகளில் கிராட் ராக்கெட்டுகள் விழுந்து சுமார் 30 பேர் இறந்தார்கள். விலகல் எவ்வளவு என்று தெரிந்த ஆயுதத்தை வீடுகள் இருக்கும் பக்கம் திருப்புவதைக் குறி தவறியதாகச் சொல்லி யாரும் தப்பிக்கக் கூடாது.

வழிகாட்டும் கருவி பொருத்திய ராக்கெட் வந்த பிறகு நிலைமை மாறியது உண்மை. அமெரிக்காவின் ஹைமார்ஸ் லாரி வீசும் ஜிபிஎஸ் ராக்கெட் 70 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கட்டடத்தைத் தேர்ந்து அடிக்கும். ஆனால் ஒன்றின் விலை லட்சம் டாலருக்கு மேல், ஜிபிஎஸ் அலையைக் குழப்பினால் அதுவும் தடுமாறும். சாதாரண 155 மில்லிமீட்டர் குண்டைச் சில ஆயிரம் டாலருக்குள் செய்துவிடலாம், குழப்புவதற்கு அதில் எந்த அலையும் இல்லை. உக்ரைனில் இரு தரப்பும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சுடுவது இப்படிப்பட்ட சாதாரணக் குண்டுகளைத்தான். இந்தியப் படையும் பினாகா ராக்கெட்டோடு 155 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது.