தரம் 3 படிக்கும் மகள் கதைப் புத்தகத்தைத் தொடுகிறாளே இல்லை. ஆசையாக வாசிக்க வைப்பது எப்படி?

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அவள் ஒரு பக்கம் வாசித்து முடித்ததும் "என்ன விளங்கினது, சொல்லு பார்ப்பம்" என்று கேட்கிறீர்களா? ஓம் என்றால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். தரம் 3 என்றாலே நம் பக்கத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓட்டம் தொடங்கிவிடும். பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் மாதிரி வினாத்தாள். பகல் முழுக்கக் கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளையிடம் இரவு கதைப் புத்தகத்திலும் கேள்வி கேட்டால் அவளுக்கு அதுவும் இன்னொரு பரீட்சைதான், வேறென்ன?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். என் மகன் தரம் 2இல் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறியவன். நல்ல நல்ல கதைப் புத்தகமாக வாங்கிக் கொடுத்தோம், படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவான். அவனை வாசிக்க வைத்தது என் அம்மா. அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும்வரை பேப்பர் பார்க்க முடியாமல் இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் குசினியில் நின்றேன், வேறு ஆளில்லை, பேரனைக் கூப்பிட்டுவிட்டார். "வாசிடா மனே, அம்மம்மாக்குக் கண் தெரியிதில்ல."

விறாந்தையில் பேப்பரை விரித்து வைத்து, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி, "பிறப்பிடமாகவும்" என்பதை மூச்சு வாங்கி மூன்றாக உடைத்து வாசித்தான். அம்மா திருத்தவே இல்லை. "எந்த ஊராம்?" என்றார். தேற்றாத்தீவு என்றான். "தகப்பன்ட பேர் என்ன போட்டிருக்கு?" அவன் விரலைத் திரும்ப மேலே கொண்டுபோய்த் தேடிப் பிடித்துச் சொன்னான். "அட, அது நம்மட கல்லாத்து மாமிட சொந்தமெல்லா! மறுகா வாசி, நல்லடக்கம் எப்பவாம்?"

கவனித்தீர்களா, அம்மா கேட்டதற்கு அம்மாவுக்கே பதில் தெரியாது, அவன் வாசித்தால்தான் தெரியும். நானோ ரீச்சரோ கேட்கும்போது எங்களுக்குப் பதில் தெரிந்துதான் கேட்கிறோம் என்று பிள்ளைக்கு நன்றாக விளங்கும். அம்மம்மாவிடம் அவன் வேண்டப்பட்ட ஆள். அடுத்த கிழமை கூப்பிடாமலே பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அறிவித்தல் முடிந்தால் சிறுவர் பக்கம், அப்புறம் ஊர்ச் செய்தி. வெல்லாவெளிப் பக்கம் யானை புகுந்தது என்றால் திருப்பித் திருப்பி வாசிப்பான். பிறகு அந்தத் தொடாத கதைப் புத்தகங்களும் விறாந்தைக்கு வந்தன. நரி ஏமாற்றினால் அம்மா நரியைத் திட்டுவார், இவன் நரிக்காக வாதாடுவான். அம்மாவுக்குக் கண் சரியாகி அவரே பேப்பர் பார்க்கத் தொடங்கிய நேரம், இவன் சாப்பிடக் கூப்பிட்டாலும் புத்தகத்தை விட்டு எழும்பாத ஆளாகிவிட்டான்.

சின்னப் பிள்ளைக்கு மரண அறிவித்தலா, தரித்திரம் என்று இங்கேயும் யாராவது வருவீர்கள், தெரியும். என் மச்சாளும் அதைத்தான் சொன்னார். செத்த வீட்டுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதானே போகிறோம்? உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்றால் வேறு எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள், நான் மறிக்கவில்லை. இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் கதவு திறந்தால் ஒருவர் கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரை படிப்பார், சனம் இருந்து கேட்கும். கேட்டவர்களிடம் யாரும் பொருள் கேட்டுப் புள்ளி போடுவதில்லை.

புள்ளி என்றதும் எனக்கு வயிறு எரிகிறது, சொல்லாமல் போக முடியாது. புலமைப்பரிசில் முடிவு வந்தால் சந்திக்குச் சந்தி பதாகை. பத்து வயதுப் பிள்ளையின் படம், பெயர், 200க்கு எத்தனை என்று பெரிய எழுத்தில். வெட்டுப்புள்ளிக்கு ஒன்றிரண்டு குறைந்த பிள்ளையும் அந்தச் சந்தியால்தானே பாடசாலைக்குப் போகிறது? அதன் முகத்தை இந்தப் பதாகை கட்டுகிறவர்கள் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று மேடை போட்டு, விபுலாநந்தர் பிறந்த மண் என்று பேசுவார்கள். அந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் புத்தக அலுமாரி பூட்டியே கிடக்கும், பிள்ளைகள் கிழித்துப்போடுவார்களாம். கிழிந்தால் ஒட்டலாம், பூட்டி வைத்தால் கறையான்தான் வாசிக்கும். எல்லாப் பாடசாலையையும் சொல்லவில்லை, தன் காசில் புத்தகம் வாங்கி வகுப்பில் வைக்கும் ரீச்சர்மாரையும் எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். வீட்டில் கண் மங்கிய அம்மம்மா இல்லை என்றால் நீங்களே அவளுடைய வாசிப்பைத் தேவைப்படுத்துங்கள். கையில் மீன் அலசிக்கொண்டு நிற்கும்போது "இந்தக் கடிதத்தில என்ன போட்டிருக்கு, வாசி மகள்" என்று கேளுங்கள். தம்பி தங்கை இருந்தால் இரவில் அவர்களுக்கு அவள் கதை வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். பிழையாக வாசித்தால் விட்டுவிடுங்கள், கதை பிசகினால் அவளே திரும்பிப் போய்ப் பார்ப்பாள். கிட்ட உள்ள பிரதேச சபை நூலகத்தில் அவள் பெயரிலேயே அங்கத்துவம் எடுத்துக் கொடுங்கள். புத்தகத்தை அவளே தெரிவு செய்யட்டும், பேய்க் கதை எடுத்தாலும் சரி, போன மாதம் எடுத்ததையே திரும்ப எடுத்தாலும் சரி.