கடற்கரைக்குப் போகும் பாதையில் வேலி போட்டுவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் எங்கள் ஊர். கரையோரத் தென்னந்தோப்பை வாங்கிய வெளியூர்க்காரர் பங்களா கட்டி வேலி போட்டுவிட்டார், வருவதோ மே மாச லீவுக்குத்தான். அப்பா காலத்திலிருந்து வலை தூக்கிப் போன பாதை அடைபட்டுவிட்டது. இப்போது ஒரு புரோக்கர் எங்கள் நிலத்தையும் கேட்கிறார்.

பதில்: முதலில் புரோக்கர். 'கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்போதைக்கு ஒரு பவர் மட்டும் போடுங்க' என்பார். போடாதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் பதிவாகிவிட்டால் யாருக்கு, என்ன விலைக்கு என்பதெல்லாம் அவர் இஷ்டம், உங்களுக்கு அட்வான்ஸோடு சரி. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் கூடாது. விற்றே ஆக வேண்டுமென்றால் வாங்குபவரை நேரில் பார்த்து, முழுப் பணமும் வங்கியில் ஏறியபிறகு கிரயம் செய்யுங்கள். விற்ற பணத்தில் அதே ஊரில் உங்கள் மகனுக்கு ஒரு மனை வாங்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளால் நில விலைதான் ஏறுகிறது, ஊர் மளிகைக் கடையில் வியாபாரம் ஏறுவதில்லை.

இனி பாதை. அந்தத் தோப்பின் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்), விஏஓவிடம் அ-பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது, எது புறம்போக்கு என்று காட்டும் பதிவேடு) பாருங்கள். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'தெற்கே கடல்' என்று போட்டுவிடுவார்கள், நானே நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டா அலைவரைக்கும் போகாது, நடுவில் அரசுப் புறம்போக்கு இருக்கும். பாதை புறம்போக்கில் இருந்தால் அந்த வேலி ஆக்கிரமிப்பு, 1905ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் அகற்றலாம்.

பாதை அவருடைய பட்டாவுக்குள்ளேயே போனால் எல்லாம் போச்சு என்று சொல்லிவிடுவார்கள், நம்பாதீர்கள். இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் 1882ஆம் வருஷ வசதியுரிமைச் சட்டப்படி வழி உரிமை உண்டு. ஆனால் அனுமதி கேட்டு நடந்திருந்தால் கிடையாது. அடைத்த இரண்டு வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், கடந்துவிட்டால் கஷ்டம். பழைய தோப்புக்காரர், வயசான மீனவர்கள் சாட்சி சொன்னால் நல்லது. பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து என்று அந்தக் காலத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

வீடு உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி மக்கள் நெருக்கம் குறைந்த கிராமக் கரையில் அங்கே புது பங்களா கட்ட முடியாது, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிளான் இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது.

விஏஓ சர்வேயரைக் கேள் என்பார், சர்வேயர் தாசில்தாரைக் கேள் என்பார், அவரோ மறுபடி விஏஓவிடமே அனுப்புவார். அலையாமல் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் மனு கொடுத்து, எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.