டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். கார்ப்ரேட்டர்: கேள்வி பதில்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டரைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி, பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியே வந்திருக்கின்றன. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-யும், அதன் பின் வந்த 70 சி.சி. எக்ஸ்.எல். சூப்பரும் இன்னும் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நாலு ஸ்ட்ரோக். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

அண்ணே, எக்ஸ்.எல். சூப்பர். இரண்டு கேன் பாலோடு மேடு ஏறினால் இழுக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று இடத்தில் கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவியாச்சு. இப்போது புது கார்ப்ரேட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (பால் வியாபாரி, அரூர்)

போடாதீங்க தம்பி. மூன்று முறை கழுவியும் மாறவில்லை என்றால் கோளாறு அங்கே இல்லை. சைலன்சரைப் பாருங்கள். இந்த இன்ஜினில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. அந்தக் கரி சைலன்சரின் உள்குழாயிலும், சிலிண்டரில் புகை வெளியேறும் வாயிலும் அடை மாதிரி படிந்துவிடும். பழைய புகை வெளியே போக வழியில்லாதபோது புதுக் காற்று எப்படி உள்ளே வரும்?

சைலன்சரைச் சிலிண்டரோடு பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நூறு அடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் வண்டி துள்ளி இழுத்தால் அடைப்பு உறுதி. உள்குழாயை உருவிச் சுட்டுத் தட்டினால் கரி உதிரும். சிலிண்டர் வாயைச் சுரண்டும்போது பிஸ்டனை நகர்த்தி வாயை மூடிவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும்.

கோளாறு கார்ப்ரேட்டரில்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருவாரூர்)

சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக்கைக் கேளுங்கள், அது சொல்லும். வண்டி நன்றாகச் சூடானதும் நேரான ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி ஓட்டுங்கள். அப்படியே சாவியை அணைத்துவிட்டு உருட்டி நிறுத்துங்கள். முறுக்கை விட்டுவிட்டு ஐடிலிங்கில், அதாவது மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் பிளக்கின் நிறம் மாறிப்போய்விடும். கழற்றி, நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கறுப்பாக, ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி இருந்தால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம்.

சத்தமும் சொல்லும். பெட்ரோல் அதிகமானால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். 'தொட தொட' என்று தடுமாறி ஓடும். குறைந்தால் இரும்புத்தனமான கூர்மையான சத்தம் வரும், முறுக்கியதும் ஒரு கணம் அடங்கிப் பிறகு எழும்.

எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதையும் கவனியுங்கள். ஐடிலிங்கில் என்றால் சின்ன ஜெட் (ஜெட் என்பது பெட்ரோல் வரும் நுண்துளைத் துண்டு), ஐடிலிங் ஸ்க்ரூ. கால் முறுக்கிலிருந்து முக்கால் முறுக்கு வரை, முறுக்கும்போது கார்ப்ரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசி. முழு முறுக்கில் மெயின் ஜெட். ஆக்சிலேட்டர் பிடியில் மார்க்கர் பேனாவால் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டினால் குழப்பமே வராது.

இதற்கெல்லாம் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். பிளக் முனைகளின் இடைவெளி, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றின் கனம் இருக்கட்டும். ஜெட்டைக் குண்டூசி, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் போச்சு. பெட்ரோலில் ஊறவைத்து, காற்று அடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். துளை முழு நிலா மாதிரி வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஊசியை இறக்கினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே? (காய்கறிக் கடைக்காரர், ஒட்டன்சத்திரம்)

ஊசியின் தலையில் சின்னக் காடிகள் வெட்டியிருக்கும், ஒன்றில் கிளிப் உட்கார்ந்திருக்கும். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ் காடிக்கு மாற்றினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். இதில் பலர் தலைகீழாகக் குழம்புகிறார்கள்.

பிளக் கறுத்திருந்தால் ஊசியை ஒரு காடி இறக்குங்கள், தப்பில்லை. பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும்போது மைலேஜுக்காக இறக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் கூடவே குறையும். சூடு மட்டும் ஏறும். தொழில் கற்ற புதிதில் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று நானே இப்படிச் செய்துகொடுத்தேன். நாலாம் நாள் நெல் மூட்டையோடு போனவரின் பிஸ்டன் நடுரோட்டில் ஜாம் ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி வராதது அவருடைய நல்ல காலம். அந்தப் பிஸ்டனை இன்னும் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். புகை வெளியேறும் வாய்ப் பக்கம் முழுக்கச் செங்குத்தாகக் கீறல். யார் மைலேஜ் கேட்டாலும் முதலில் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

ஊட்டியில் இருக்கிறேன் ஐயா. கோயம்புத்தூரில் வாங்கிய பழைய டி.வி.எஸ். 50. அங்கே நன்றாக ஓடியது, இங்கே பிளக் கறுத்துப்போகிறது.

வண்டி மேல் குற்றமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. பெட்ரோல் அதே அளவு வருகிறது, காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றுங்கள். முழு முறுக்கிலும் தடுமாறினால் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போடுங்கள். ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கி ஓட்டப்போகிறீர்கள் என்றால் பழையபடி மாற்றிய பிறகு ஓட்டுங்கள். இதை மறந்தால் மேலே சொன்ன பிஸ்டன் கதைதான்.

சைக்கிளில் மாட்டும் கிட் இன்ஜின் வாங்கினேன். தாளில் ஆயில் 16:1 என்று போட்டிருக்கிறது. எத்தனை மில்லி? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 62 மில்லி. அது புது இன்ஜின் பழகும் வரைக்கும். 20:1 என்றால் 50 மில்லி, 25:1 என்றால் 40, 50:1 என்றால் 20. பயந்துபோய் இன்னும் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் ஜெட் வழியாகப் போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, காற்று அதிகமாகிவிடுகிறது. ஆயில் அளவை மாற்றும்போதெல்லாம் பிளக்கை மறுபடி பாருங்கள்.

இன்னொன்று தம்பி. 25 சி.சி.க்கு மேற்பட்ட இன்ஜின் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிளும் மோட்டார் வண்டிதான். பதிவும் லைசென்ஸும் இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. நல்ல பிரேக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனால் பெட்ரோலால் பழைய வண்டிக்குக் கெடுதலா? (விருதுநகர்)

கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் அதே ஜெட்டில் காற்று மிஞ்சுகிறது. பிளக் வெளுத்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் ஊறி உப்பலாம், அதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள்.

ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தானாகவே ரேஸ் ஆகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்கத் திருப்பியும் குறையவில்லை. (பெரம்பலூர்)

ஸ்க்ரூவைத் திருப்புவதை நிறுத்துங்கள். முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் சிக்குகிறதா, கார்ப்ரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் கார்ப்ரேட்டர் வழியாக வராமல் எங்கோ சந்து வழியே திருட்டுக் காற்று போகிறது. இன்ஜின் ஓடும்போது கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் இருக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். சத்தம் மாறினால் கேஸ்கெட். மாறவில்லை என்றால் இன்ஜினில் மேக்னெட் இருக்கும் பக்கத்து ரப்பர் ஆயில் சீல் தேய்ந்திருக்கும். சீல் மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

காலையில் வண்டிக்குக் கீழே பெட்ரோல் சொட்டியிருக்கிறது. (காரைக்குடி)

கார்ப்ரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் பின்னில் தூசி, அல்லது அதன் முனை தேய்ந்திருக்கும். கழுவிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் பின்னை மாற்றுங்கள். இரவில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். வீடு சேர ஒரு தெரு இருக்கும்போதே மூடிவிட்டால் கிண்ணத்தில் இருப்பது எரிந்து தீர்ந்துவிடும். இல்லையென்றால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டும் பிசின் மாதிரி ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும்.